கடல் கடந்த செல்வங்களும் மீட்சி நெறியும்

ஒரு நாட்டின் செல்வம் இருவகைப்படும். நெல்லும் பொன்னும் போலச் செலவாகி, உழைப்பினால் மீளவும் ஈட்டப்படுவது ஒருவகை. ஒருமுறை தோன்றி, அழிந்தால் மீளத் தோன்றாதது மற்றொருவகை. ஏட்டுச் சுவடியும், செப்பேடும், திருவுருவும், முடியும், அரியணையும் இவ்விரண்டாம் வகையின. முன்னையதை இழந்த நாடு வறுமையுறும். காலத்தால் அவ்வறுமை தீரவும் கூடும். பின்னையதை இழந்த நாடு தன் வரலாற்றில் ஓர் ஏட்டையே இழந்ததாகும்.

அந்நியர் ஆட்சிக்காலத்தில் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் இவ்விருவகைச் செல்வத்தையும் இழந்தன. முதல்வகை இழப்பைக் கணக்கிடுவது பொருளியலார் பணி. இரண்டாம் வகைப் பொருள்களோ பல இன்றும் ஐரோப்பிய நூதனசாலைகளின் கண்ணாடிப் பேழைகளுள்ளே காணக் கிடக்கின்றன. இன்ன நாட்டிலிருந்து வந்தது என்னும் பெயர்ச்சீட்டும் அவற்றின் அருகே உளது. பொருள் கண்முன்னே இருக்கிறது. அது பிறந்த நாடும் தெரிகிறது. ஆதலின், அது தன் நாட்டுக்கு மீளவேண்டுமா என்னும் வினா எழுவது இயல்பே.

இவ்வினாவுக்கு விடை கூறுவார் இருதிறத்தார். "ஒன்றும் விடாது அனைத்தும் மீளவேண்டும்" என்பார் ஒருசாரார். "பழையனவற்றைக் கிளறுவதாற் பயன் என்ன? இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்பார் மற்றொருசாரார். இரண்டும் ஆராயாது கூறும் விடைகள் என்பது எமது கருத்து. ஒவ்வொரு பொருளும் எவ்வழியாற் கடல் கடந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வழி தெரிந்தால் உரிமை விளங்கும். உரிமை விளங்கியபின், மீண்ட பொருளை எங்ஙனம் போற்றுவோம் என்னும் கடமை நம்மேல் வந்து நிற்கும். இம்மூன்றினையும் முறையே நோக்குவாம்.

ஒரு பீரங்கியின் வரலாறு

வேற்று நாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. 1765 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒல்லாந்தத் தேசாதிபதி லுபேட் ஜான் வான் எக் படையெடுத்துச் சென்று கண்டி நகரைக் கைப்பற்றினார். அக்காலத்தில் அங்கு அரசு புரிந்தவர் தென்னிந்திய நாயக்கர் மரபினரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். மன்னர் நகரை விட்டு அகன்றிருந்தார். வெறுமையாய்க் கிடந்த அரண்மனையை ஒல்லாந்தர் படை சூறையாடியது. வான் எக் கொழும்புக்கு மீண்டு, அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்திலேயே இறந்தார். நோயும் உணவுக் குறையும் வருத்த, கண்டியில் நிறுத்திய படையும் சில மாதங்களிற் பின்வாங்கியது. நகரம் மன்னருக்கு மீண்டது; சூறையாடிய பொருள்கள் மீளவில்லை.

அப்பொருள்களுள் ஒன்று, லெவ்கே திசாவை என்னும் பிரதானி 1745 ஆம் ஆண்டளவில் அரசருக்குக் காணிக்கையாக அளித்த சிறு பீரங்கி. வெண்கலத்தாலாய அதன் உடல் பொன்னாலும் வெள்ளியாலும் மாணிக்கக் கற்களாலும் அணிசெய்யப்பட்டது. ஞாயிறும் பிறையும் சிங்கமுமாகிய கண்டி அரசின் இலச்சினைகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. போரிற் குண்டு பொழிவதற்கன்றி, அரசின் பெருமையைக் காட்டுவதற்கெனச் செய்யப்பட்ட பொருள் அது என்பது பார்த்த அளவில் விளங்கும். அது ஒல்லாந்து சென்று, ஒறேஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியத்தின் அரும்பொருட் கூடத்திற் சேர்ந்தது. பின்னர் ஆம்ஸ்ரடாம் நகரிலுள்ள றைக்ஸ் நூதனசாலையில் இடம்பெற்றது.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 2020 ஆம் ஆண்டில், ஒல்லாந்து அரசு நியமித்த குழுவொன்று, குடியேற்ற நாடுகளிலிருந்து அந்நாட்டாரின் விருப்பின்றி எடுக்கப்பட்டவை, அந்நாடுகள் கேட்பின் நிபந்தனையின்றி மீளளிக்கப்படவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2021 இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் ஒல்லாந்த ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளரும் இணைந்து பழைய ஆவணங்களையும் பொருள்களின் அமைப்பையும் ஆராய்ந்து, அப்பீரங்கி 1765 இற் கண்டியிற் கொள்ளையிடப்பட்டதே என நிறுவினர். 2023 யூலை மாதத்தில் ஒல்லாந்து அரசு தன் தீர்ப்பை வெளியிட்டது. பீரங்கி ஒன்று, பொன் வேலைப்பாடமைந்த வாள் ஒன்று, வெள்ளி வேலைப்பாடமைந்த வாள் ஒன்று, கத்தி ஒன்று, பெருந்துப்பாக்கிகள் இரண்டு ஆக ஆறு பொருள்களும் அவ்வாண்டு முடியுமுன் கொழும்பு நூதனசாலையை அடைந்தன. அதே தீர்ப்பினால் இந்தோனேசியாவுக்கு 472 பொருள்கள் உரித்தாயின.

இதற்கு முன்னரும் இங்ஙனம் ஒரு மீட்சி நிகழ்ந்ததுண்டு. 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி, கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைச் சிறைப்படுத்தினர். அவர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே காலமானார். அவருடைய அரியணையும் முடியும் இங்கிலாந்து சென்றன. அரண்மனை அணிகலன்கள் பல 1820 இல் இலண்டனில் ஏலத்தில் விலைபோயின. அரச மாளிகையிற் பேணப்பட்ட அரியணையும் முடியும் மட்டும், 1934 ஆம் ஆண்டில் குளொஸ்ரர் கோமகன் வாயிலாக இலங்கைக்கு மீண்டன. ஏலத்திற் சிதறியவை எவரெவர் கைகளுக்கோ போயின. ஓரிடத்தில் ஒருங்கு பேணப்பட்டது மீளும், சிதறியது மீளாது என்னும் பாடத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

கொண்டுசென்ற வழிகள்

கடல் கடந்த பொருள்களெல்லாம் ஒரே வழியிற் கடந்தனவல்ல. அவ்வழிகளை வகுத்து நோக்கினால் குழப்பம் பெரிதும் நீங்கும்.

முதலாவது, போரிற் கொள்ளை. கண்டிப் பீரங்கி அத்தகையது. மேற்கு ஆபிரிக்காவிலே, இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தை 1897 இல் ஆங்கிலேயர் படை தாக்கி எரியூட்டி, அரண்மனையிலிருந்த ஆயிரக்கணக்கான வெண்கல, யானைத்தந்தச் சிற்பங்களை வாரிச் சென்றதும் அத்தகையதே. இங்கே உரிமை யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, கொடுக்கும் உரிமை இல்லாதவர் கொடுத்தது. நம் வடமராட்சியிலே வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட பழைய புத்தர் சிலையொன்று யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் வைக்கப்பட்டிருந்தது. 1906 ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் அதனைச் சீயம் தேசத்து மன்னருக்குப் பரிசாக அளித்தார். மன்னர் அதைப் பறித்தாரல்லர். பக்தியோடு நன்கொடையாகப் பெற்றார். ஆயினும் கொடுத்தவருடைய பொருளோ அது? வல்லிபுரத்து மணலில் அதனை நிறுவிய மக்களின் வழித்தோன்றல்களை எவரும் கேட்டாரல்லர். இங்கே குறை கொடுத்தவர்பால் உளது, பெற்றவர்பால் இல்லை. இத்தகையவற்றில் வழக்குரைத்தலினும் நட்புமுறையிற் பேசுதலே தகும்.

மூன்றாவது, ஆட்சியதிகாரத்தின் நிழலிற் சேர்ந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட தாரா தேவியின் திருவுருவம் யாவரும் அறிந்தது. பொன்முலாம் பூசிய வெண்கலத்தாலாய அது 8 ஆம் நூற்றாண்டினது. ஏறத்தாழ நாலேமுக்கால் அடி உயரமுடையது. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் அதனை 1830 இற் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். நாட்டை ஆள்பவர் ஒரு பொருளை விரும்பினால், "தரமாட்டேன்" எனக் கூறும் துணிவு அக்காலக் குடிமக்களுக்கு எங்ஙனம் வரும்? வாளை உருவாமலே வாளின் பயன் பெறும் நிலை இது. கொள்ளை எனக் கூறுதற்கு இல்லை. மனமுவந்த கொடை என்பதற்கும் இல்லை.

நான்காவது, விலைகொடுத்து வாங்கியது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஹியூ நெவில் என்பவர் ஊரூராகத் தேடிச் சேர்த்த 2,227 சிங்களச் சுவடிகள், அவர் இறந்தபின் 1904 இற் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றின் விவரங்களை இலங்கையறிஞர் கே. டி. சோமதாச ஏழு தொகுதிகளாக 1987 க்கும் 1995 க்கும் இடையில் வெளியிட்டார். இச்சுவடிகளைக் கொள்ளைப் பொருளென்று கூறுதல் நியாயமன்று. இங்கு நாம் கேட்கத்தக்கது படிகள். ஒவ்வோர் ஏட்டின் நிழற்படமும் நம் நாட்டு நூலகங்களில் இருந்தால், கற்பார்க்கு அது பெருமளவிற் போதும்.

ஐந்தாவதாக, மீளவே மாட்டாதவையும் உள. 1560 இற் போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்தபோது, புத்தரின் தந்தம் எனக் கருதப்பட்ட ஒன்று அவர் கைப்பட்டது. பெகு நாட்டு மன்னர் அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தும், கோவா நகரில் அதனை இடித்துப் பொடியாக்கினர். உண்மைத் தந்தம் அதுவன்று என்பது பௌத்தர் மரபு. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் திருக்கோணேச்சரமும் இடிக்கப்பட்டன. கோணேச்சரத்துக் கற்கள் கோட்டைச் சுவர்களாயின. 1950 இல் திருகோணமலையிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் திருமேனிகள் வெளிப்பட்டன. அன்று நம் முன்னோர் அவற்றைப் புதைத்து வைத்திராவிட்டால் அவையும் எஞ்சியிரா. இடிக்கப்பட்டதை எந்த அரசும் மீட்டுத்தர இயலாது. அதனாலேயே எஞ்சியவற்றின் அருமை பெரிதாகிறது.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்?

"நீதிமன்றத்தை நாடலாமே" எனச் சிலர் கேட்பர். அண்மைக்காலத் திருட்டுக்குச் சட்டம் வழிகாட்டுகிறது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976 இல் மண்ணினின்றும் வெளிப்பட்ட நடராசர் திருமேனி திருட்டு வழியாக இலண்டனை அடைந்தது. அங்கு நிகழ்ந்த வழக்கில், பாழடைந்த அக்கோயிலும் ஒரு வழக்காளியாக நின்று தன் பொருளைக் கேட்கலாம் என ஆங்கில நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991 இல் அத்திருமேனி தமிழ்நாட்டுக்கு மீண்டது. நூதனசாலைக்கு அது ஒரு கலைப்பொருள். அடியார்க்கோ நீராட்டி, அமுதூட்டி, வீதியுலா எழுந்தருளச் செய்து வழிபடும் மூர்த்தி. அவ்வேறுபாட்டை அந்நிய நாட்டு நீதிமன்றமும் ஒருவாறு உணர்ந்தது என்பது சைவ மக்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவது.

ஆயின், குடியேற்ற ஆட்சிக்காலத்துப் பொருள்களுக்கு இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுளது. பண்பாட்டுப் பொருள்கள் பற்றிய 1970 ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை தனக்கு முற்பட்ட காலத்தைத் தீண்டுவதில்லை. பிரித்தானிய நூதனசாலையைப் பற்றிய 1963 ஆம் ஆண்டுச் சட்டமோ, அங்குள்ள பொருள்களை அறங்காவலர் கொடுத்துவிடுதலைச் சில விலக்குகள் நீங்கலாகத் தடைசெய்தது. ஆதலின் பழம்பொருள் மீட்சி பெரும்பாலும் அரசுகளின் மனச்சான்றையும் கொள்கையையுமே சார்ந்து நிற்கிறது. மனச்சான்றை அசைப்பது வன்சொல்லன்று. மறுக்கமுடியாத சான்றும் நியாயமுமே.

எதிர்வாதங்களும் அவற்றின் விடையும்

மீட்சியை மறுப்போர் கூறும் காரணங்களை நேர்மையோடு எடுத்து நோக்குதல் வேண்டும்.

"அக்காலத்திற் போரிற் கொண்ட பொருள் வென்றவனுக்கே உரியது, இக்கால நீதியை அக்காலத்தின்மேல் ஏற்றலாகாது" என்பது முதல்வாதம். இதற்கு விடையை 1815 ஆம் ஆண்டே தருகிறது. நெப்போலியன் இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வாரிச்சென்ற சிற்பங்களும் ஓவியங்களும் பாரிசு நகரத்து லூவர் கூடத்தில் நிறைந்திருந்தன. அவ்வாண்டு அவன் தோல்வியுற்றதும், அவற்றை உரிய நாடுகளுக்கு மீளளிக்கவேண்டும் என்னும் கோரிக்கையை ஆங்கிலேயத் தளபதி வெலிங்ரன் பிரபு ஆதரித்துநின்றார். வெனிசு நகரத்து வெண்கலக் குதிரைகள் அவ்வாண்டே வெனிசுக்கு மீண்டன. உரோமாபுரியின் சிற்பங்களும் மீண்டன. அதே 1815 இலேதான் கண்டி அரசரின் முடியும் அரியணையும் ஆங்கிலேயர் கைப்பட்டன. போர்க்கொள்ளை தவறு என்பதை அக்காலத்தவர் அறியாதவரல்லர். ஐரோப்பாவுக்கு ஒரு நீதியும் ஆசியாவுக்கு வேறொரு நீதியுமாக வைத்திருந்தனர். ஆகவே, நாம் இக்கால நீதியை அக்காலத்தின்மேல் ஏற்றுகிறோமல்லேம். அவர்களே தமக்குள் ஒப்புக்கொண்ட நீதியை நமக்கும் கேட்கிறோம்.

"எல்லா நாட்டாரும் ஓரிடத்தில் உலகக் கலைகளைக் காண வாய்ப்பளிக்கிறோம்" என்பது இரண்டாம் வாதம். கருத்து அழகியதே. ஆயின் அந்த "எல்லா நாட்டாருள்" பருத்தித்துறை மாணாக்கன் அடங்குவானா? தாரா தேவியைக் காண அவன் கடவுச்சீட்டும், நுழைவு அனுமதியும், கப்பலேறவோ விமானமேறவோ பெரும்பொருளும் தேடவேண்டும். பொதுவிற் பந்தி விரித்தாலும் வாயிலிற் காவல் இருக்குமாயின் அது எங்ஙனம் பொதுவிருந்தாகும்?

"ஒன்றைக் கொடுத்தால் நூதனசாலைகளே வெறுமையாகிவிடும்" என்பது மூன்றாம் வாதம். ஆறு பொருள்கள் கொழும்புக்கு வந்தபின்பும் றைக்ஸ் நூதனசாலை மூடப்படவில்லை. 1978 இற் பிரஞ்ஞாபாரமிதை என்னும் பேரழகுச் சிலையை இந்தோனேசியாவுக்கு மீளளித்தபின்பும் லெய்டன் நூதனசாலை நிலைபெற்றது. யேர்மனி 2022 இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெனின் சிற்பங்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றியது. அவற்றுட் பல, நைஜீரியாவின் இசைவோடு யேர்மனியிலேயே தொடர்ந்து காட்சிக்கு இருக்கவும் ஒழுங்கு செய்யப்பட்டது. உரிமையை ஒப்புக்கொண்டபின் இருப்பிடத்தை நட்பாற் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1874 ஆம் ஆண்டுப் போர் முதலியவற்றால் அசாந்தி நாட்டு அரண்மனையை விட்டு அகன்ற பொன்னணிகள் முதலாய 32 பொருள்களை, இலண்டன் நூதனசாலைகள் இரண்டு 2024 இற் கானா நாட்டுக்கு மூன்றாண்டு இரவலாகக் கொடுக்க இணங்கின. காணாதிருந்தவர் கண்டது நன்றே. எனினும் வீட்டுக்காரனிடம் அவன் வீட்டுப் பொருளையே இரவலாகக் கொடுத்து, தவணை குறித்துக் கையொப்பம் வாங்குவது எவ்வகை நீதி என்று கேளாதிருக்க முடியுமா?

"எம்மிடம் இருந்தபடியால் அவை பிழைத்தன, உம்மிடம் இருந்திருந்தால் அழிந்திருக்கும்" என்பது நான்காம் வாதம். இதுவே கடியது. இதனைத் தனியே ஆராயவேண்டும்.

நம்மை நோக்கி எழும் வினா

இவ்வாதத்தை ஐரோப்பாவை நோக்கித் திருப்பிவிடுதல் எளிது. 1945 மே மாதத்திற் பெர்லின் நகரத்துக் காவற்கோபுரம் ஒன்றிற் பற்றிய தீயில், அங்கு வைக்கப்பட்டிருந்த நானூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தன. பிரித்தானிய நூதனசாலையிலேயே ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமற் போயும் திருடப்பட்டும் சிதைக்கப்பட்டும் உள்ளன என்னும் செய்தி 2023 இல் வெளியாயிற்று. அழிவும் களவும் ஒரு கண்டத்துக்கு மட்டும் உரியனவல்ல.

ஆயினும் யாழ்ப்பாணத்தார் இவ்விடையோடு அமைந்துவிட இயலாது. 1981 மே 31 ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் நமது பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அங்கே எரிந்த ஏடுகளுக்கு இலண்டனிலோ பாரிசிலோ ஒரு படி இருந்திருந்தால் என்று ஏங்காத கல்விமான் நம்மிடையே இல்லை. இவ்வேக்கம் பொய்யன்று. அதனை மறைத்துக்கொண்டு மீட்சியைப் பற்றிப் பேசுதல் நேர்மையுமாகாது.

அந்த ஏக்கம் நமக்குக் கற்பிப்பது யாது? அந்நியர் எடுத்துச் சென்றது நன்று என்பதா? அன்று. அவ்விரவில் நாம் இழந்தது நூல்களை மட்டுமன்று. படியெடுத்து வைக்கத் தவறிய காலத்தையும் இழந்தோம். அயலவன் வீட்டிற் பொருள் பத்திரமாயிருந்தது என்பதனால் அது அயலவனுக்கு உரியதாகாது. ஆனால் தன் வீட்டிற் பொருளைக் காவாதவன், மீட்டுத் தருக என்று கேட்குங் குரலில் வலு இராது. உரிமையும் காவலும் ஒரே நாணயத்தின் இருபுறம். ஒன்றைக் கேட்போர் மற்றொன்றையும் ஏற்றல் வேண்டும்.

இதனை முன்னரே உணர்ந்து செய்தவர் நம் ஊரவர் ஒருவரே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கித் திருத்தி, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். அன்று அவர் கைப்பட்ட ஏடுகள் இன்று எங்கே என்பது பெரிதன்று. அவற்றிலிருந்த நூல்கள் தமிழர் வாழும் இடந்தோறும் உள்ளன. எந்தத் தீயும் அவற்றை முற்றாக அழிக்க முடியாது. ஒரு செல்வத்தைக் காக்கும் வழிகளுள் தலையாயது அதனைப் பலருடைய அறிவுக்கு உரியதாக்குவதே.

யாரிடம் மீள்வது?

ஒரு பொருள் நாட்டுக்கு மீண்டால், நாட்டினுள் யாரிடம் சேரவேண்டும் என்பதும் சிந்திக்கத்தக்கது. 2023 இல் நைஜீரிய அரசு, மீளும் பெனின் சிற்பங்கள் பெனின் மன்னர் மரபுக்கு உரியன என ஆணையிட்டது. தேசிய நூதனசாலைக்கு உரியன என எண்ணியிருந்தோர் அதனால் மயங்கினர். இம்மயக்கத்தையே காரணமாகக் காட்டி மீளளித்தலை ஒத்திவைக்க விரும்பியோரும் உண்டு. ஒரு குடும்பத்தின் பொருளை மீளக் கொடுப்பவன், அதனை அண்ணன் வைத்திருப்பதா தம்பி வைத்திருப்பதா என்று தீர்ப்புக்கூற முற்படலாகாது. அது குடும்பத்தார் பேசித் தீர்க்கவேண்டியது.

அதே வேளையில், குடும்பத்தார் அதனை நேர்மையாகப் பேசித் தீர்த்தலும் வேண்டும். நம் இலங்கையின் பழம்பொருள்கள் பல சமயத்தார்க்கும் பல இனத்தார்க்கும் உரியன. வல்லிபுரத்திற் புத்தர் சிலை வெளிப்பட்டது; கண்டியின் அரியணையில் நாயக்க மன்னர் இருந்தனர்; அந்த அரியணையே 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தத் தேசாதிபதி ஒருவர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னருக்கு அளித்த கொடை. ஒருவர்க்கே உரியது எனக் கட்டிவைக்க இயலாத வரலாறு இது. ஆகவே, மீளும் பொருள் எந்த இனத்தின் வெற்றிச் சின்னமாகவும் காட்டப்படலாகாது. அது தலைநகரத்துப் பேழைக்குள் மட்டும் அடங்கிவிடாது, தான் பிறந்த மாவட்டத்து மக்களும் காணும் வண்ணம் காலந்தோறும் அங்கும் சென்று வருமாயின், மீட்சியின் பயன் முழுமையடையும்.

நாம் செய்யத்தக்கன

கேட்பதற்கு முன் அறிதல் வேண்டும். வெளிநாடுகளிலுள்ள இலங்கைப் பழம்பொருள்களைத் தேடித் தொகுத்த விவரநூலொன்றை, நம் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா 1975 இல் வெளியிட்டார். தனியொருவர் முயற்சியாற் பிறந்த அந்நூல் பின்வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் படிக்கல்லாயிற்று. 2023 இல் மீண்ட பீரங்கியும் ஆவண ஆராய்ச்சியின் வலிமையாலேயே மீண்டது, ஆரவாரத்தால் மீளவில்லை. ஒல்லாந்த மொழியும் போர்த்துக்கேய மொழியும் கற்று, பழைய கடிதங்களையும் கப்பற் கணக்குகளையும் படிக்கவல்ல தமிழறிஞர் சிலரேனும் தோன்றவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து சென்றவை எவை, எவ்வாறு சென்றன என்பதை அவரன்றி வேறு யார் நமக்குக் கூறுவர்?

நமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண், ஒசுலோ முதலிய நகரங்களிற் பரவி வாழ்கின்றனர். அவர்கள் வாழும் நாடுகளிலுள்ள நூதனசாலைகளிலும் நூலகங்களிலும் நம் நாட்டுப் பொருள் யாதுளது, அதன் பெயர்ச்சீட்டு யாது கூறுகிறது, எவ்வாண்டு யாரால் வந்தது எனக் குறித்தனுப்புவாராயின், அதுவே பெருந்தொண்டாகும். நிழற்படம் எடுக்க இசைவு உண்டாயின் அதனையும் பெறலாம். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஓய்வுநாள் ஒன்றும் சிறிது பொறுமையும் போதும்.

ஊரில் உள்ளோர்க்கும் பணியுண்டு. பரண்மேற் கிடக்கும் ஏடு, பழைய உறுதிச்சாசனம், கோயிற் கணக்கு, மருத்துவச் சுவடி ஆகியவற்றைப் பழந்தாள் விற்பவனிடம் கொடுத்துவிடாது படியெடுத்து நூலகத்திற் சேர்க்கவேண்டும். கோயில்களின் திருமேனிகளுக்கு அளவும் நிழற்படமும் கொண்ட பதிவேடு ஒன்று ஒவ்வோர் ஆலயத்திலும் இருத்தல் வேண்டும். களவுபோன திருமேனியை நம்முடையது என நிறுவுதற்கு அப்பதிவேடு போன்ற சான்று பிறிதில்லை.

மாணாக்கர்களே, வலிந்து கொண்டுபோன பொருளை மீளக் கேட்பது பிச்சையன்று, பகையுமன்று; அது நியாயம். அந்நியாயத்தை எடுத்துரைக்கத் தேவையானவை அறிவும் அமைதியும் விடாமுயற்சியுமாம். கண்டிப் பீரங்கி வருவதற்கு 258 ஆண்டுகள் சென்றன. அதன்மேல் உள்ள எழுத்தைப் படிக்கவும், அதன் வரலாற்றைப் பிழையின்றி எடுத்துரைக்கவும் வல்லார் இந்நாட்டில் இருக்கும்போதே அது உண்மையில் மீண்டதாகும். இனி வருவனவற்றை வரவேற்கும் தகுதியை நம் கல்லூரி வகுப்புக்களிலேயே தேடிக்கொள்வோமாக.